பொறியியலில் இருந்து மெய்யியல்: ஆய்வு ஆர்வத்தை எப்படி எழுதுவது?

கேள்வி
மெக்கானிக்கல் முடித்து நாலு வருஷம் தரச்சோதனைப் பிரிவில் இருந்தேன். இப்போது மெய்யியல் முதுகலை, இரண்டாம் வருஷம். முனைவர் பட்ட விண்ணப்பத்தில் 'அறிவாய்வியல், மொழி, மனம், அறம்' என்று எழுதினேன். "இது ஆர்வமா, பாடத்திட்டமா?" என்று கேட்டுவிட்டார் நெறியாளர். உண்மையில் என்னை அரிப்பது ஒன்றுதான். அழுத்தமானியின் முள்ளை நம்பினேன். அதைச் சோதித்துச் சான்று தந்தவரின் கையெழுத்தை நம்பித்தான் முள்ளையே நம்பினேன். இதை 'அறிந்தேன்' என்று சொல்லலாமா? பழைய வேலையை எழுதினால் இளக்காரமாகப் பார்ப்பார்களோ?

பதில் 1
அந்தக் கையெழுத்துதான் உங்கள் முதல் பத்தி. துறைப்பெயர்களைத் தூக்கிப் போடுங்கள். மெய்யியலாளர் ஹ்யூமைக் கேட்டால், பிறர் சொல்லை நம்ப அனுபவம் ஆதாரம் தர வேண்டும். அவரை மறுத்த தாமஸ் ரீடைக் கேட்டால், நம்புவது நம் இயல்பு. நீங்கள் எந்தப் பக்கம்?

பதில் 2
இளக்காரமா? பெரிய மெய்யியலாளர் விட்கென்ஸ்டைனே மான்செஸ்டரில் வானூர்திப் பொறியியல் படித்தவர்; 1911இல் ப்ரொப்பெல்லருக்குக் காப்புரிமையும் வாங்கினார். அதற்காக விட்கென்ஸ்டைன் கதையை விண்ணப்பத்தில் எழுதித் தொலைக்காதீர்கள்!

கேட்டவர்
ரீட் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் ஒரு தடவை மானியைத் தொடாமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிறகு சோதித்தால் முள் என்னவோ சரியாகத்தான் காட்டியது.

பதில் 1
அடடா, கெட்டியர் என்ற மெய்யியலாளர் 1963இல் மூன்றே பக்கக் கட்டுரையில் கிளப்பிய சிக்கல் இதுதானே! நம்பக் காரணம் இருந்தது, நம்பியதும் உண்மை, ஆனாலும் அறிவு என்று சொல்ல வாய் வரவில்லை. இதையா இவ்வளவு நேரம் ஒளித்து வைத்திருந்தீர்கள்?