பட்டாணி: உழுத பாதி கரும்பச்சை, உழாத பாதி வெளிறல். யூரியா போடலாமா?

மேழிப்பிடி:
வணக்கம். கோதுமை அறுத்த நிலத்தில் பட்டாணி போட்டிருக்கிறேன். ஒரே நிலம், ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு. பாதியைச் சட்டிக்கலப்பையால் புரட்டி, மேலே ரோட்டவேட்டர் விட்டுப் புழுதியாக்கி விதைத்தேன். மறு பாதியில் கோதுமைத் தாளை (அறுத்த அடிக்கட்டையை) நிற்கவிட்டு, உழாமலே விதைப்பானால் நேரடியாக இறக்கினேன். அடியுரம் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஹெக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்). ரைசோபியம் (வேரில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியா) கலந்த விதை.

இப்போது ஏழெட்டு கணு விட்டிருக்கிறது. உழுத பக்கம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கரும்பச்சையில் நிற்கிறது. உழாத பக்கம் அதைவிடக் குட்டை, அடியிலைகள் வெளிறிக் கிடக்கின்றன. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வெளிறிய பக்கத்துக்கு மட்டும் யூரியாவை மேலுரமாகக் கொடுத்தால் பூ எடுப்பதற்குள் சமன் ஆகிவிடுமா? இன்னொன்று, உழுத பக்கத்திலும் டிராக்டர் திரும்புகிற ஓரத்தில் ஒரு திட்டு மட்டும் வளரவே இல்லை.

சால்விட்டவன்:
யோசிக்க என்ன இருக்கிறது? தாராளமாகப் போடுங்கள். உழாமல் விதைத்தால் இப்படித்தான் வரும். வேர் இறங்க இடம் வேண்டாமா? அடுத்த முறை முழுசையும் நன்றாக ஆழ உழுதுவிடுங்கள்.

கருமண்:
தம்பி, யூரியா மூட்டையைப் பிரிக்காதே. மண்வெட்டியை எடு.

நீ உழவை ஒரு கேள்வியாகவும் உரத்தை இன்னொரு கேள்வியாகவும் பார்க்கிறாய். பட்டாணியில் அது ஒரே கேள்வி. மண்ணைப் புரட்டினால் காற்று உள்ளே போகும், நுண்ணுயிர்கள் மக்கிய பொருளைத் தின்னும், அதில் அடைபட்டிருந்த தழைச்சத்து நைட்ரேட்டாக வெளியே வரும். அதாவது உழுத பாதிக்கு நீ மூட்டையில் போட்ட 20 கிலோவுக்கு மேல் கலப்பையும் தன் பங்குக்கு உரம் போட்டிருக்கிறது. அந்தக் கரும்பச்சை அங்கிருந்து வந்தது. உழாத பாதியில் நடந்தது நேர்மாறு. கோதுமைத் தாளில் கார்பன் அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற நைட்ரேட்டையும் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும். தாள் மூடாக்காகக் கிடப்பதால் மண் சூடேறவும் நாளாகும். விதையில் இருந்த சத்து தீர்ந்து, வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற வேலையைத் தொடங்குகிற வரைக்கும் செடி கொஞ்சம் பட்டினி கிடக்கும். பெரும்பாலும் அந்த வெளிறல்தான் இது.

ஆனால் இலை நிறத்தை வைத்து நானும் முடிவு சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. இரண்டு பக்கத்திலும் சில செடிகளைத் தோண்டி எடு. பிடுங்காதே, பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், வெறும் வேரைப் பார்த்துவிட்டு முடிச்சே இல்லை என்பாய். செடியைச் சுற்றி மண்வெட்டியை ஆழமாக இறக்கி, மண் கட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் ஊறவை. மண் தானாகக் கரையட்டும். அப்புறம் முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார். உள்ளே இளஞ்சிவப்பு அல்லது இறைச்சிச் சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள் தருகிற நிறம் அது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது தொடங்கப்போவதே இல்லை. பச்சையோ சாம்பலோ என்றால் முடிந்த கதை. முடிச்சு எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள். ஆணிவேரின் மேல்பகுதியில் கொத்தாக இருந்தால் நீ கலந்த ரைசோபியம் பிடித்திருக்கிறது. பக்க வேர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அது பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே கிடந்தது.

மண்ணில் நைட்ரேட் நிறைய இருந்தால் செடி முடிச்சு வைக்க மெனக்கெடாது. கையில் காசு இருக்கும்போது யார் கடன் கேட்டுப் போவார்கள்? இது புதுச் சங்கதியும் இல்லை. 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மணல் தொட்டியில் வளர்த்துப் பார்த்தது இதே பட்டாணியைத்தான். ஓட்ஸ் செடி போட்ட நைட்ரேட்டுக்கு ஏற்ற அளவுதான் வளர்ந்தது. பட்டாணிக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. கிருமி நீக்கிய மணலில் ஏங்கி நின்ற செடி, வயல் மண் ஊறிய நீரை ஊற்றியதும் தேறியது.

ஒரு டன் பட்டாணி மணியில் ஏறக்குறைய 35 முதல் 40 கிலோ தழைச்சத்து போகிறது. இரண்டு டன் எடுக்க நினைத்தால் நீயே கணக்குப் போட்டுக்கொள். அவ்வளவையும் மூட்டையில் கொடுப்பது தண்டச் செலவு. அதோடு கொடி நீண்டு, பூ தள்ளிப்போய், அடியில் காற்றோட்டம் இல்லாமல் சாய்ந்து படுக்கும். படுத்த பட்டாணியை எந்திரத்தில் அறுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும்.

சால்விட்டவன் சொன்ன ஆழ உழவுக்கும் இடம் உண்டு. தண்ணீர் தேங்குகிற கனத்த களிமண் என்றால் நானும் உழுவேன், ஏனென்றால் முடிச்சுக்கும் மூச்சு வேண்டும். ஈரம் பற்றாத நிலத்தில் மட்டும் அந்த வேலை வேண்டாம். அங்கே தாள் பிடித்து வைக்கிற ஈரம்தான் காய் பிடிக்கிற சமயத்தில் கை கொடுக்கும். நின்ற தாளைப் பற்றிக்கொண்டு கொடி நிமிர்ந்து நிற்பது கூடுதல் லாபம்.

மேழிப்பிடி:
அண்ணா, தோண்டிப் பார்த்துவிட்டேன். உழாத பக்கம்: ஆணிவேரின் கழுத்தில் கொத்துக் கொத்தாக முடிச்சு, கீறினால் நல்ல சிவப்பு. உழுத பக்கம்: பக்க வேர்களில் கடுகளவில் சில, உள்ளே வெள்ளை. செடியின் தோற்றத்தைப் பார்த்து இதை யாரும் நம்ப மாட்டார்கள்.

வளராத திட்டில் முடிச்சே இல்லை. ஆணிவேர் விரல் நீளம் நேராக இறங்கிவிட்டு அப்படியே படுக்கைவாட்டில் திரும்பியிருக்கிறது. அதற்குக் கீழே மண்வெட்டியும் இறங்க மறுக்கிறது. வேரின் தோல் பழுப்பாகி, தொட்டால் உரிந்து வருகிறது.

அடியுரம்:
மணிச்சத்து பற்றி யாரும் பேசவில்லையே. முடிச்சு இயங்க மணிச்சத்து நிறைய வேண்டும், அதோ மண்ணில் போட்ட இடத்திலேயே கிடக்கும், நகராது. உழாத நிலத்தில் மேலே தூவினால் மேலேயே தங்கிவிடும். மேல்மண் காய்ந்தால் வேருக்குக் கிடைக்காது. அதனால் விதைக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. கீழே பட்டையாக இறக்குவது நல்லது. விதையோடு ஒரே சாலில் டிஏபியை (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) கொட்டாதீர்கள். பட்டாணி விதை உரத்தின் உப்பையும் அம்மோனியாவையும் தாங்காது, முளைப்பு அடிபடும், ரைசோபியமும் சாகும்.

மண்ணின் அமில நிலையையும் பாருங்கள். 5.5க்குக் கீழே போனால் முடிச்சு சரியாக வைக்காது. தழைச்சத்தைப் பிடிக்கிற நொதிக்குத் தேவையான மாலிப்டினமும் அங்கே கிடைக்காமல் போகும். சுண்ணாம்பு இட்டால் இரண்டும் சரியாகும்.

கருமண்:
மேலே சொன்னது சரி. உழவைக் குறைத்தால் மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவருகிற வேர்ப்பூஞ்சை இழைகள் அறுபடாமல் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தம்பி, உழாத பாதிக்கு எதுவும் செய்ய வேண்டாம். சிவப்பைப் பார்த்துவிட்டாய் அல்லவா, நிறம் தானாகத் திரும்பும். இப்போது யூரியா போட்டால் ஓடுகிற வேலையை நிறுத்துவாய். உழுத பாதிக்கும் போடாதே. நைட்ரேட் தீரத் தீர முடிச்சு தாமதமாக வைக்கப் பார்க்கும், வைக்கட்டும். பூ எடுக்கிற நேரத்தில் அங்கே இன்னொரு முறை தோண்டு. அப்போதும் வெள்ளையாகவே இருந்து இலையும் மஞ்சளானால் மட்டும் மேலுரம் பற்றிப் பேசலாம்.

ஓரத் திட்டுக்கு உரம் மருந்தில்லை. சக்கரம் அழுத்தி அழுத்தி அடிமண் தட்டாகிவிட்டது. அதற்கு மேல் நீர் நின்று வேரழுகல் பிடித்திருக்கிறது. இறுகிய மண்ணில் பட்டாணி மாதிரி முரண்டு பிடிக்கிற பயிர் குறைவு. அறுவடை முடிந்து மண் நன்றாகக் காய்ந்த பிறகு உளிக்கலப்பை விட்டு அந்தத் தட்டை உடை. ஈரத்தில் விடாதே, தட்டு வெடிக்காது, சும்மா கீறிக்கொண்டு போகும். முழு நிலத்துக்கும் வேண்டாம், ஓரத்துக்கு மட்டும் போதும். அழுகல் கிருமி மண்ணில் பல வருடம் தங்கும் என்பதால் அந்த இடத்தில் பட்டாணியோ மசூர் பருப்போ சீக்கிரம் திரும்பப் போடாதே.

மேழிப்பிடி:
நன்றி அண்ணா. யூரியாவைக் கோதுமைக்கு எடுத்து வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: அடுத்த முறை முழு நிலத்தையும் உழாமல் விதைத்தால் அந்த 20 கிலோவும் தேவையா?

கருமண்:
தாள் கனமாக இருந்தால் 15, 20 கிலோ போடு, ஆரம்பப் பட்டினிக்கு உதவும். தாள் குறைவு, மண்ணில் மக்கு நிறைய என்றால் விட்டுவிடு. உழுகிற இடத்துக்குத் தழைச்சத்தே வேண்டாம், மணிச்சத்து மட்டும் கொடு. விதைப்புக்கு முன்னால் நைட்ரேட் அளவைச் சோதித்துவிட்டால் இதில் பாதி ஊகம் குறையும்.