கலைச்சொல்: இங்கிலீஷ் நிகழ்கால வினையின் எஸ் ஈற்றுக்கு என்ன பெயர்?

> ‘படர்க்கை ஒருமை விகுதி’ என்றே இருக்கட்டும். பழகிய சொல்லை எதற்கு மாற்றுவது?

ஐயா, இலக்கணப்படி அதில் குறையில்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகளிடம் ‘ஒருமை’ என்றால் ‘பெரியவங்கள ஒருமையில பேசாதே’ என்பதுதான் நினைவுக்கு வரும். ‘ஆச்சி சமைக்கிறாக’, ‘அப்பச்சி கடை திறக்கிறாக’ என்று பேசுகிற பிள்ளை ஆச்சியை ஒருமையில் சேர்க்குமா? தம்பிக்கு ‘குக்ஸ்’ என்று சரியாக எழுதிவிட்டு, ஆச்சிக்கு ‘ஆச்சி குக்’ என்று விட்டுவிடும். இங்கிலீஷ் விகுதி மரியாதை பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுகிறது. அதனால் ‘ஒற்றைப் படர்க்கை விகுதி’ என்கிறேன். ‘ஒற்றை’யில் எண்ணிக்கை மட்டுமே உண்டு, ஏச்சு இல்லை. ‘ஓராள் விகுதி’யும் யோசிக்கலாம்தான்; பஸ்ஸுக்கும் மழைக்கும் ஒட்டாது.

> ‘எஸ் விகுதி’ என்றால் சுருக்கமாக முடிந்துவிடுமே?

புக்ஸ் என்பதிலும் அதே எஸ்தானே! பெயரில் வந்தால் பல, வினையில் வந்தால் ஒன்று. பெயர் வைக்கும்போதே குழப்பத்தையும் சேர்த்து வைக்க வேண்டாம்.

> ‘ஒற்றை’க்குச் சம்மதம். தலைப்பில் ‘ஒழுங்கு வினை’ வேண்டுமா?

வேண்டாம் ஐயா. ஒழுங்கு, ஒழுங்கின்மை எல்லாம் இறந்தகாலத்துச் சங்கதி. ‘கோ’ அங்கே ‘வென்ட்’ ஆகும். நிகழ்காலத்தில் ஒழுங்காகக் ‘கோஸ்’தான். இங்கே முரண்டு பிடிப்பவை பீ, ஹேவ் இரண்டும். டூ, சே இரண்டும் உச்சரிப்பில் மட்டும் (டஸ், செஸ்).

பதிவு இப்படி இருக்கலாம்: ஐ, யூ, வீ, தே வந்தால் வெறும் பகுதி. எதிரே நிற்பவர் ஒருவரே ஆனாலும் ‘யூ’வுக்கு விகுதி கிடையாது. ஹி, ஷி, இட், ஒற்றைப் பெயர் இவற்றுக்கு எஸ். எஸ், எக்ஸ், இசட், எஸ்ஹெச், சிஹெச் என முடிந்தால் இ-எஸ்: ஆத்தங்குடிக் கல்லுக்குச் சிமென்ட் கலப்பவர் ‘மிக்ஸஸ்’. மெய்யெழுத்தை அடுத்து ஒய் வந்தால் ஐ-இ-எஸ்: கந்தரப்பம் பொரிப்பவர் ‘ஃப்ரைஸ்’. உயிரெழுத்தை அடுத்தென்றால் ஒய் அப்படியே நிற்கும்: ‘ஸ்டேஸ்’. ஒலி தனிக்கணக்கு. ‘குக்ஸ்’ஸில் எஸ் ஒலி, ‘ஓபன்ஸ்’ஸில் இசட் ஒலி, ‘மிக்ஸஸ்’, ‘வாஷஸ்’ போன்றவற்றில் ஓர் அசையே கூடும்.

அதிகம் சறுக்குவது எதிர்மறையிலும் கேள்வியிலும். விகுதி ஒரு தடவைதான் வரும். அதை ‘டஸ்’ வாங்கிக்கொண்டால் வினை வெறும் பகுதியாகிவிடும். ‘ஷி டஸ் நாட் குக்ஸ்’ தவறு, ‘குக்’ சரி. கேன், மஸ்ட் வந்தால் எங்குமே விகுதி இல்லை.

> இந்தக் காலத்துக்கே என்ன பெயர்? ‘சாதாரண நிகழ்காலம்’ ஒன்றும் சொல்லவில்லையே.

‘வழக்க நிகழ்காலம்’ போடலாம். அன்றாட வழக்கத்தைத் தமிழில் எதிர்கால வடிவில் சொல்கிறோம்: ‘ஆச்சி தெனமும் கோலம் போடுவாக’. அதை அப்படியே ‘வில் டிரா’ என்று எழுதிவிடுவார்கள், ‘டிராஸ்’தான் வேண்டும். பெயரிலேயே ‘வழக்க’ இருந்தால் ஆசிரியர் திருத்தும்போது சுட்டிக்காட்ட வசதி. சூரியன் கிழக்கே உதிக்கிறது போன்ற பொது உண்மைகளும் இதே வடிவில்தான் வரும். அவற்றைப் பதிவின் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.