பழைய எம்பிராய்டரி மெஷின்: புது சிஎஃப் கார்டிலிருந்து டாஸ் பூட் ஆகவில்லை

அனுப்பர்பாளையத்தான்:
திருப்பூரில் எங்கள் யூனிட்டில் ஓடும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினின் கன்ட்ரோல் பெட்டிக்குள் 486 வகைப் பழைய கம்ப்யூட்டர் போர்டு, அதில் டாஸ் 6.22 என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஐடிஇ சாக்கெட்டில் செருகியிருக்கும் 32 எம்பி டிஸ்க் ஆன் மாட்யூல் (ஹார்டு டிஸ்குக்குப் பதிலான சிறு ஃபிளாஷ் அட்டை) கொஞ்ச நாளாகப் படிக்கத் திணறுகிறது. மாற்றாக 1 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் (சிஎஃப்) கார்டை லேப்டாப்பில் ஃபேட் 16 ஆக ஃபார்மட் செய்து, ஃபைல்களை ஏற்றி, அடாப்டரில் மாட்டினேன். பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) கார்டைக் காட்டுகிறது. பிறகு ‘மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்று நின்றுவிடுகிறது. கோளாறு கார்டிலா, அடாப்டரிலா? ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணபதி சர்வீஸ், கோவை:
தம்பி, இரண்டின் மீதும் பழி போடாதீர்கள். அந்த வரியை எழுதுவதே கார்டின் முதல் செக்டரில் இருக்கும் எம்பிஆர் என்ற சின்ன பூட் புரோகிராம்தான். அதுவரை படிக்க முடிந்திருக்கிறது. அது பார்ட்டிஷனைத் தேடிப் போன இடத்தில் பூட் செக்டர் இல்லை. டிஸ்கில் ஓர் இடத்தைக் குறிக்கும் சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கை லேப்டாப் ஒரு விதமாகப் போடும், பழைய பயாஸ் வேறு விதமாகப் போடும். எந்தப் பெட்டியில் ஓட வேண்டுமோ அந்தப் பெட்டியிலேயே பார்ட்டிஷன் போடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பழைய மாட்யூலுக்கு உயிர் இருக்கும்போதே லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்கிலிருந்து நகலெடுக்கும் புரோகிராம்) கொண்டு முழு இமேஜ், அதாவது அச்சு அசலான நகல், எடுத்துவிடுங்கள். கார்டு எந்தக் கடையிலும் கிடைக்கும், அந்த மெஷினின் கன்ட்ரோல் புரோகிராம் கிடைக்காது. ஆனால் இமேஜை அப்படியே புதுக் கார்டில் எழுதிவிட வேண்டாம். அதில் பழைய மாட்யூலின் கணக்கு பதிந்திருக்கிறது, மறுபடியும் இதே வரியில் வந்து நிற்கும். இமேஜைத் திறந்து ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கார்டு. பயாஸில் எல்பிஏ (செக்டர்களை வரிசை எண்ணால் மட்டும் குறிக்கும் முறை) இல்லாவிட்டால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று கையால் கொடுங்கள். 504 எம்பி கிடைக்கும். டாஸ் ஃபிளாப்பியில் பூட் செய்து, பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்கில் லேப்டாப் போட்ட பார்ட்டிஷனை அழித்துப் புதிதாக பிரைமரி போட்டு, அதை ஆக்டிவ் ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்தபின் ‘ஃபார்மட் சி: /எஸ்’. அப்போதும் முரண்டு பிடித்தால் ‘எஃப்டிஸ்க் /எம்பிஆர்’. அது பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது, பூட் கோடை மட்டும் புதிதாக எழுதும். பிறகு கார்டை லேப்டாப்பில் செருகி மற்ற ஃபைல்களைப் போடலாம், ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ், கமாண்ட்.காம் மூன்றின் மேலும் எதையும் எழுதாதீர்கள். பெட்டியில் கரன்ட் இருக்கும்போது கார்டைப் பிடுங்கவே கூடாது.

ஈரோட்டுக்காரன்:
அண்ணன் சொன்னதோடு போர்டில் பேட்டரியையும் பாருங்கள். 486 போர்டுகள் பலவற்றில் நீல உறை போட்ட, விரல்நுனி அளவு நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சாலிடர் செய்திருப்பார்கள். அதன் காலடியில் பச்சை பூத்திருந்தால் கசிந்துவிட்டது என்று பொருள். பக்கத்துத் தாமிரத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். பேட்டரி செத்த போர்டு, கையால் கொடுத்த 1024/16/63-ஐ மெயின் ஸ்விட்சை அணைத்ததும் மறந்துவிடும்.

அனுப்பர்பாளையத்தான்:
இமேஜ் எடுத்துவிட்டேன். எல்பிஏ இல்லை, கணக்கைக் கையால் கொடுத்தேன். பூட் ஆகிவிட்டது, மெஷின் ஊசியை நகர்த்துகிறது. பேட்டரி அடியில் பச்சை இருக்கிறது, நாளை வெட்டி மாற்றுகிறோம். இருவருக்கும் மிக்க நன்றி. மீதி 500 எம்பி சொச்சத்தையும் பயன்படுத்த வழி உண்டா அண்ணா?

கணபதி சர்வீஸ், கோவை:
வேண்டாம் தம்பி, அதை அப்படியே விடுங்கள். 32 எம்பியில் ஓடிய மெஷினுக்கு 504 தாராளம். அதற்குப் பதிலாக இன்னொரு கார்டு வாங்கி, இதே பெட்டியில் இதே மாதிரி தயார் செய்து மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எல்சி வகை (ஒரு செல்லில் ஒரே பிட் வைக்கும், நீண்ட நாள் உழைக்கும்) இண்டஸ்ட்ரியல் கார்டாகக் கேட்டு வாங்குங்கள்.