மொட்டை மாடி மிளகாய்: பூ கொட்டுது, காயே பிடிக்கல

செல்வி மதுரை: க்ரோ பேக்ல வச்ச சம்பா மிளகாய் இடுப்பு உயரம் நிக்குது, இலையெல்லாம் கருகருன்னு பச்சை, பூவும் நிறைய, ஆனா ஒண்ணு கூட காய் ஆகல, தொட்டா காம்போட கையில வந்துடுது. வாரா வாரம் மீனும் வெல்லமும் புளிக்க வச்ச மீன் அமிலம் குடுக்கறேன். என்ன பண்ணலாம்?

பச்சைவிரல்: மகரந்த சேர்க்கை நடக்கலக்கா. மாடிக்கு தேனீ வராது. பிரஷ் எடுத்து காலைல பூ பூவா தடவுங்க.

கரிசல்காட்டான்: பிரஷ் எதுக்கு தம்பி? மிளகாய்ல ஆணும் பெண்ணும் ஒரே பூவுல இருக்கு, காத்துல ஆடினாலே போதும், மொட்டை மாடில காத்துக்கா பஞ்சம். இது சூடு. பகல்ல 35 தாண்டி ராத்திரியும் 25க்கு கீழ இறங்கலைன்னா மகரந்தம் செத்துடும், செத்தத தடவி என்ன ஆகப்போகுது? ராமநாதபுரத்துல குண்டு மிளகாய புரட்டாசி ஐப்பசி மழைக்கு விதைச்சு மார்கழி தை குளிர்லதான் பூக்க விடறாங்க, நாம அக்னி நட்சத்திரத்துல காய் கேக்கறோம்.

பச்சைவிரல்: அப்ப எங்க வீட்டு காந்தாரி மே மாசமும் காய்க்குதே? பிரஷ் போட்ட பூதான் நிக்குது, கண்ணால பாத்தேன்.

கரிசல்காட்டான்: காந்தாரி வேற இனம். எங்க வச்சிருக்கீங்க?

பச்சைவிரல்: முருங்கை மரத்தடில.

கரிசல்காட்டான்: அந்த நிழல்தான் காரணம், பிரஷ் இல்ல.

அக்ரி ராஜா: எதுக்கு சண்டை, பூ உதிராம நிறுத்தற வளர்ச்சி ஊக்கி மருந்து பிளானோபிக்ஸ் இருக்கு, 4.5 லிட்டர் தண்ணிக்கு 1 மில்லி அடிங்க. நட்ட 60, 90வது நாள் 10 பிபிஎம் (பத்து லட்சத்துல 10 பங்கு, இதே அளவுதான்) அடிக்க சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே சிபாரிசு பண்ணுது.

செல்வி மதுரை: பிள்ளைங்க சாப்பிடறது சார், மருந்து வேணாம்.

கரிசல்காட்டான்: அது காம்பு கழர்றத தள்ளிப் போடும் அவ்வளவுதான், அளவு கூடினா அதுவே பூவ உதிர்த்துடும். அக்கா, விழுந்த பூவ எடுத்து பாருங்க, காம்பு முட்டில மஞ்சளா இருந்தா செடியே கழட்டி விட்டதுன்னு அர்த்தம். காய் பிடிச்ச பூன்னா இதழ் வாடி வளையமா ஒட்டிக்கிட்டு நடுவுல பச்சையா குண்டூசி தலை மாதிரி தெரியும். இன்னொண்ணு, மீன் அமிலத்த உடனே நிறுத்துங்க, அதுல இருக்கிற தழைச்சத்துதான் இலையா போகுது. விறகு சாம்பல் ஒரு கைப்பிடி மண்ணுல கலந்து விட்டு, சாயங்காலம் மோரும் தேங்காய்ப்பாலும் புளிக்க வச்ச தேமோர் கரைசல் தெளிங்க. பைய வெறும் சிமெண்ட் தரைல வைக்காதீங்க, செங்கல் மேல தூக்கி வைங்க, இல்லைன்னா வேர் வெந்துடும்.

செல்வி மதுரை: இப்பதான் பாத்தேன், முட்டில மஞ்சளாத்தான் இருக்கு தம்பி. பையும் தரைலதான் இருக்கு. நிழலுக்கு பச்சை வலை கட்டலாம்னா, 50 பர்சன்ட் வெயில மறைக்கறதா 75ஆ?

கரிசல்காட்டான்: 50 போதும். 75 போட்டா வெளிச்சம் தேடி ஒல்லியா நீளும். காலை வெயில மறைக்காம மேற்கு பக்கம் இறக்கி கட்டுங்க, தண்ணிய காலைல ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி பிரிச்சு விடுங்க, காயவிட்டு ஒரேடியா ஊத்தினாலும் பூ கொட்டும்.

பச்சைவிரல்: வலை கட்டுங்கக்கா, வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு கிளைல மட்டும் பிரஷ் போட்டு நூல் கட்டி வைங்க, எந்த கிளைல காய் நிக்குதுன்னு இங்கயே வந்து சொல்லுங்க.