எக்ஸ்பி கணினியில் டீஃப்ராக் 3 சதவீதத்தில் நிற்கிறது: பச்சைக் கோடுகளை அழிக்கலாமா?

மைக்கூடு:
கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். 2005ல் வாங்கிய கணினி. விண்டோஸ் எக்ஸ்பி, 512 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், மொத்தமும் ஒரே சி டிரைவ். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் ஒழுங்காக ஓடுகின்றன, அதனால் விட முடியவில்லை. இப்போது காலையில் ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர 11 நிமிடம் ஆகிறது. டீஃப்ராக் (டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யப் போனால் 15 சதவீதம் காலியிடம் வேண்டும் என்கிறது. என்னிடம் 3 ஜிபிதான் இருக்கிறது. பரவாயில்லை என்று ஓட்டினேன், ராத்திரி முழுக்க 3 சதவீதத்திலேயே நின்றது. டீஃப்ராக் திரையின் நடுவில் தெரியும் பச்சைக் கோடுகள் அசையவே இல்லை. அது விண்டோஸ் ஒதுக்கி வைத்த இடமா? அழிக்கலாமா?

வட்டுமுள்:
பச்சையில் கை வைக்காதீர்கள். அவை நகர்த்த முடியாத கோப்புகள். பெரும்பகுதி பேஜ்ஃபைல்தான், ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது.

உங்களுக்குத் தேவை காலியிடம். 40 ஜிபி என்று விற்றது விண்டோஸ் கணக்கில் 37.2 ஜிபி. அதில் 15 சதவீதம் 5.6 ஜிபி. ஆக இன்னும் 2.6 ஜிபி தேற்றினால் போதும். சிஸ்டம் ரீஸ்டோர் (கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் சேமித்து வைப்பது) வழக்கமாக டிஸ்க்கில் 12 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு அது 4.5 ஜிபி. அதை 1 ஜிபிக்கு இறக்குங்கள். ஹைபர்னேஷனை (ராமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துக் கணினியை அணைக்கும் வசதி) நிறுத்தினால் ராம் அளவுக்கு, அதாவது 512 எம்பி, திரும்ப வரும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். அப்புறம் செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடும் நிரல்) போட்டுவிட்டு டீஃப்ராக் ஓட்டுங்கள். இப்படி எத்தனையோ கடைக் கணினிகளுக்கு உயிர் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி:
வட்டுமுள் சார், கணக்கெல்லாம் சரி. ஆனால் வைத்தியத்தைத் தொடங்கும் இடம் தப்பு. ராத்திரி முழுக்க 3 சதவீதத்தில் நின்றது என்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? இடம் போதாவிட்டால் டீஃப்ராக் அரைகுறையாக முடியும். இப்படி ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்காது. டிஸ்க் எங்கோ படிக்க முடியாமல் திணறுகிறது என்றே எனக்குப் படுகிறது.

துண்டுதுண்டான கோப்பால் எவ்வளவு நேரம் போகும் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க்கில் ஒரு தாவலுக்குச் (ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போவதற்கு) சுமார் 13 மில்லி நொடி. 60 எம்பி கோப்பு 400 துண்டாகக் கிடந்தாலும் கூடுதலாக 5, 6 நொடிதான். 11 நிமிடம் வேண்டுமென்றால் 50,000 தாவல் வேண்டும். மைக்கூடு, முதலில் டிசைன்களை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். அதுவரை டீஃப்ராக் வேண்டாம்.

வட்டுமுள்:
நகல் எடுப்பதும் டிஸ்க்கைப் படிப்பதுதானே? வைரஸ் ஸ்கேன் தினமும் படிக்கவில்லையா? டீஃப்ராக் நடுவே கரண்ட் போனாலும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) கோப்பை விட்டுவிடாது. புது இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் பழையதை விடும்.

இரவுப்பணி:
கரண்ட் போவது பற்றி நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். என் பயம் வேறு. நகல் எடுக்கும்போது ஒரு தடவை படித்து வேறு டிஸ்க்கில் எழுதுகிறோம். டீஃப்ராக் அதே டிஸ்க்கில் படித்து அதிலேயே எழுதுகிறது, இடம் குறைவாக இருந்தால் ஒரே கோப்பைப் பல தடவை நகர்த்தவும் செய்கிறது. நன்றாக இருக்கும் பகுதியில் இருந்த டிசைனைக் கொண்டுபோய்ப் பழுதான பகுதியில் வைத்தால்? இரண்டாவது பிரதி கிடையாதே.

ஆலமரம்:
நடுவில் ஒரு சந்தேகம். என்டிஎஃப்எஸ் எம்எஃப்டிக்காக (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை) 12.5 சதவீதம் ஒதுக்கி வைக்கும் என்பார்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் பதிவேடு) அதைக் குறைத்தால் மைக்கூடுக்கு 4 ஜிபிக்கு மேல் கிடைக்காதா?

வட்டுமுள்:
கிடைக்காது. 12.5தான் ஆகக் குறைந்தது, அதற்கு மேல் 25, 37.5, 50 என்று கூட்டத்தான் முடியும். தவிர, அது பூட்டி வைத்த இடம் இல்லை, காலியிடக் கணக்கிலேயே சேர்ந்திருக்கிறது. மற்ற இடம் நிறைந்தால் கோப்புகள் அங்கேயும் போகும். இவரிடம் 8 சதவீதம்தான் மிச்சம், அதனால் ஏற்கெனவே போய்விட்டன. டீஃப்ராக் அறிக்கையின் கடைசியில் எம்எஃப்டி எத்தனை துண்டு என்று இருக்கும், பாருங்கள்.

இரவுப்பணி:
இதில் வட்டுமுள் சாரோடு முழுக்க உடன்படுகிறேன்.

மைக்கூடு, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனல் (பழைய டிஸ்க்குகளின் இணைப்பு), அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்: அங்கே டிஎம்ஏ (டிஸ்க்கிலிருந்து ராமுக்கு நேராகப் போகும் வேகமான முறை) என்று இருக்கிறதா, பிஐஓ (சிபியூ வழியாகப் போகும் மெதுவான முறை) என்று இருக்கிறதா? அடுத்து ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் இடம்) சிஸ்டம் பதிவில் டிஸ்க் என்ற பெயரில் சிவப்புக் குறி இருக்கிறதா?

மைக்கூடு:
பிஐஓ என்று இருக்கிறது. சிவப்புக் குறி போன மாதத்திலிருந்தே வரிசையாக நிற்கிறது. எண் 7, பேட் பிளாக் என்று போட்டிருக்கிறது. எம்எஃப்டி 9 துண்டு.

இரவுப்பணி:
அதுதான். 7 என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. தவறுகள் 6 சேர்ந்ததும் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏவை விட்டு பிஐஓவுக்கு இறங்கிவிடும், அப்போது ஒவ்வொரு பைட்டையும் சிபியூவே சுமக்க வேண்டும். அந்த சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் டிஎம்ஏ திரும்பும். ஆனால் இந்த டிஸ்க்கில் மறுபடி இறங்கும். இன்றைக்கே நகல் எடுங்கள்.

வட்டுமுள்:
7 வந்திருக்கிறது என்றால் நானும் டீஃப்ராக் சொல்ல மாட்டேன். செக்டிஸ்க்கும் இப்போது வேண்டாம், முன்பு சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எல்லா மெதுவான கணினிக்கும் டிஸ்க் போய்விட்டது என்று தொடங்குவதை நான் ஏற்கவில்லை. காலியிடம் இல்லாமல் தவிப்பவைதான் அதிகம்.

மைக்கூடு:
டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ யூஎஸ்பி அடாப்டர் வாங்கி, மகளின் லேப்டாப்பில் மாட்டினேன். 11 ஜிபி டிசைன் வந்துவிட்டது. 2 கோப்பு மட்டும் வரவில்லை, ஒன்று 2009ல் செய்த ஒரு கிரகப்பிரவேச அழைப்பிதழ். இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது பழைய ஐடிஇ டிஸ்க் ஒன்று தேடுவதா, இல்லை கன்வெர்ட்டர் வைத்து எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போடுவதா?

வட்டுமுள்:
எஸ்எஸ்டி. போட்ட பிறகு டீஃப்ராக் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

இரவுப்பணி:
நான் பழைய டிஸ்க் பக்கம். எக்ஸ்பிக்கு டிரிம் கட்டளை (அழித்த கோப்பின் இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) தெரியாது, பார்ட்டிஷனையும் (டிஸ்க்கில் பிரிக்கும் பகுதி) 63வது செக்டாரில் தொடங்கி எஸ்எஸ்டியின் அமைப்போடு பொருந்தாமல் வைக்கும். எஸ்எஸ்டிதான் என்றால், லேப்டாப்பிலேயே பார்ட்டிஷனை உருவாக்கிக்கொண்டு அப்புறம் எக்ஸ்பியைப் போடுங்கள், கால்பங்கு இடத்தைக் காலியாகவே விடுங்கள்.