நிமோனியாவில் வந்த படபடப்பு போய்விட்டது. பிளட் தின்னர் மட்டும் ஏன் தொடர்கிறது?

மேலக்காவேரி:
அப்பாவுக்கு 71 வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை. எடை 54 கிலோ. டிசம்பர் கடைசியில் காய்ச்சலும் இருமலுமாக இருந்தவருக்கு நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள். ஐசியுவில் மூன்றாம் நாள் ராத்திரி துடிப்பு 150-ஐத் தாண்டி, தாளமே இல்லாமல் ஓடியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்., இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பது) என்று சொல்லி, துடிப்பைச் சீராக்க அமியோடரோன் ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் சீராகிவிட்டது. மொத்தம் இருபது மணி நேரம் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் அப்படி வந்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸாபான் என்ற பிளட் தின்னர் 5 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். எதுவரை என்று சம்மரியில் இல்லை. இப்போது ஏழு வாரம் ஆகிறது. எங்கள் குடும்ப டாக்டர், "காய்ச்சலோடு வந்தது, காய்ச்சலோடு போயிற்று, நிறுத்திவிடலாம்" என்கிறார். ஹார்ட் டாக்டர், "ஆயுசுக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இரண்டு பேருமே நல்ல டாக்டர்கள். அதுதான் குழப்பம்.

அப்பாவின் கட்சி வேறு. "ஒரு தடவை ஃபியூஸ் போனதுக்கு வீட்டு வயரிங்கையே மாத்துவாங்களாடா?" என்கிறார். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, முழங்கையில் அங்கங்கே நீலம் பாய்கிறது. அதனால் சில நாள் காலை மாத்திரையை விட்டுவிடுகிறார் என்பதை அட்டையை எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பழைய சீட்டில் இருந்த ஆஸ்பிரின் 75-ஐ மட்டும் ஒரு நாள்கூட விடுவதில்லை, அது 'ராசியான மாத்திரை'. யாராவது அனுபவத்தில் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை அக்கா:
தம்பி, என் அம்மா கதையைச் சொல்கிறேன். பித்தப்பை ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இதே மாதிரி வந்தது, ஒரே ராத்திரியில் போனது. மாத்திரையை ஒரு மாதத்தில் நிறுத்தினார்கள், நாங்களும் மறந்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் பூ கட்டிக்கொண்டிருந்தவருக்கு நார் கையில் நிற்கவில்லை. வாயும் லேசாகக் கோணியிருந்தது. உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். அங்கே எடுத்த ஈசிஜியில் அதே தாறுமாறான துடிப்பு. படபடப்பு என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை, அவருக்குத் தெரியவே இல்லை. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. "வந்தால் தெரிந்துவிடும்" என்று மட்டும் நம்பாதீர்கள்.

திருச்சி மணி:
என் சித்தப்பா அசிட்ராம் என்ற பழைய வகை பிளட் தின்னர்தான் சாப்பிடுகிறார், விலை ரொம்பக் குறைவு. மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். அதற்கு மாற்றிக்கொள்ளுங்களேன்.

வார்டு டூட்டி:
பொது மருத்துவம் பார்ப்பவன். அப்பாவை நேரில் பார்க்காததால், முடிவாக இல்லாமல் யோசிக்க ஏதுவாகச் சொல்கிறேன்.

இரண்டு டாக்டர்களும் வேறு வேறு சொல்வதில் ஆச்சரியமில்லை, இந்த விஷயம் இன்னும் தீராத ஒன்று. வழக்கமான ஏ.எஃப். என்றால் பக்கவாத ஆபத்தைப் பார்க்கும் கணக்கு எளிது. 65 முதல் 74 வயதுக்கு ஒரு புள்ளி, பிரஷருக்கு ஒரு புள்ளி. அப்பாவுக்கு 2 வருகிறது. ஆணுக்கு 2 வந்தால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடரச் சொல்வோம். ஆனால் அந்தக் கணக்கு, நிமோனியாவில் ஒரு ராத்திரி வந்து போனவர்களை வைத்துப் போட்டதல்ல. கனடாவின் கியூபெக்கில் 65 வயது தாண்டியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாரடைப்பு, நுரையீரல் நோய், ரத்தத்தில் கிருமி என்று ஏதாவது ஒன்றோடு ஏ.எஃப். வந்தவர்கள் அவர்கள். பிளட் தின்னர் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் குறைந்ததாகத் தெரியவில்லை, நுரையீரல் நோயாளிகளுக்கு ரத்தக்கசிவு கூடியிருந்தது. உங்கள் குடும்ப டாக்டர் பக்கம் இது.

அதே கனடாவில் ஹாமில்டன் டாக்டர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு எதிர்ப்பக்கம். அப்பாவைப் போல ஆஸ்பத்திரியில் இருக்கும்போது முதன்முறை ஏ.எஃப். வந்து போனவர்களுக்கு, பிறகு இரண்டு தடவை 14 நாள் மார்பில் மானிட்டர் ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு மறுபடி வந்திருந்தது. அதே மாதிரி நோயோடு படுத்து, ஏ.எஃப். வராமல் திரும்பியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் வந்தது.

அப்பாவின் ஃபியூஸ் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். நிமோனியா என்பது திடீரென்று ஏறிய லோடு. ஆக்சிஜன் குறைகிறது, பொட்டாசியம் இறங்குகிறது, அட்ரினலின் கொட்டுகிறது. ஆனால் அதே வார்டில் அதே லோடில் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஃபியூஸ் போகவில்லையே? வயரிங் எங்கேயோ பலவீனம் என்ற சந்தேகம் நியாயம்தான். லைன் இன்ஸ்பெக்டருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

முதல் நாலு வாரம் மாத்திரை கொடுத்ததில் தவறில்லை. துடிப்பு சீரான பிறகும் மேலறை பழையபடி சுருங்கி விரியச் சில வாரம் ஆகும். அதுவரை அதன் ஓரத்தில் காது மடல் மாதிரி இருக்கும் பையில் ரத்தம் தேங்கி உறையலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்கப்புறம் என்ன என்பதுதான் கேள்வி. எக்கோ எடுத்தார்களா, வால்வு எப்படி, இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, தைராய்டு பார்த்தாயிற்றா, எத்தனை நாள் மானிட்டர் ஒட்டிப் பார்க்கலாம் என்றெல்லாம் கேளுங்கள். 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

அப்புறம் ஆஸ்பிரின். ஸ்டென்ட், மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் வந்ததில்லை என்றால் அபிக்ஸாபானோடு அது எதற்கு என்று அடுத்த தடவை முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஈறில் வரும் ரத்தத்துக்கு இரண்டும் சேர்ந்ததே காரணமாக இருக்கலாம். அபிக்ஸாபானை நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடை:
மணி சார், அசிட்ராமுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். சளிக்கு, வயிற்றுக்கு என்று ஆன்டிபயாட்டிக் எழுதினாலே அது எகிறலாம். ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றைக்கும் அந்த வகை மாத்திரைதான். மற்றவர்கள் விலையை மட்டும் பார்த்து மாறவேண்டாம்.

மேலக்காவேரி சார், 54 கிலோ என்றதும் நீங்களாகப் பாதி டோஸுக்கு இறங்கிவிடாதீர்கள். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பாதி டோஸ். அபிக்ஸாபான் உடம்பில் ரொம்ப நேரம் நிற்காது. காலை மாத்திரையை விட்டால் பகல் முழுக்கக் காவல் குறைவு. இன்னொன்று, முட்டி வலிக்கு என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்குகிறாரா என்று பாருங்கள், பிளட் தின்னரோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். எங்கள் கடையில் தினமும் நாலு பேர் இப்படிக் கேட்டு வருகிறார்கள்.

மேலக்காவேரி:
எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கடை அண்ணே, எப்படிச் சொன்னீர்கள்? சட்டைப்பையிலேயே டைக்ளோஃபெனாக் அட்டை இருந்தது. பிடுங்கியாயிற்று.

நேற்று ஹார்ட் டாக்டரை மறுபடி பார்த்தோம். கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோனதால் இந்தத் தடவை உட்காரவைத்துப் பேசினார். ஆஸ்பிரினை அடித்துவிட்டார். எக்கோவில் வால்வு நன்றாக இருக்கிறது, இடது மேலறை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. தைராய்டு சரி, கிரியாட்டினின் 1.1. 'ஆயுசுக்கும்' என்பது இப்போது 'ஆறு மாதம் பார்ப்போம்' என்று ஆகியிருக்கிறது. இடையில் ஒரு வாரம் ஒட்டும் மானிட்டர், அது தஞ்சாவூரில் கிடைக்குமாம். குடும்ப டாக்டரிடமும் போனில் பேசினார், அவரும் சரி என்றார்.

அப்பாவிடம் வார்டு டூட்டி டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "லோடு டெஸ்ட் பண்ணாம சப்ளை குடுக்கக் கூடாதுன்றார், சரியாத்தான் சொல்றார்" என்று காலண்டரில் காலை 8, இரவு 8 என்று கோடு போட்டு டிக் அடிக்க ஆரம்பித்திருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம். ஆடுகிற கடவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கவேண்டும். பல் டாக்டர் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வா என்கிறார். நிறுத்தலாமா?

வார்டு டூட்டி:
ஒற்றைப் பல்லுக்கு ஐந்து நாள் தேவையில்லை. பல நேரம் நிறுத்தாமலே பிடுங்குவார்கள், இல்லையென்றால் அன்று காலை மாத்திரையை மட்டும் தள்ளிப்போடுவார்கள். பல் டாக்டரை ஹார்ட் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். காலை நேரமாக அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், ரத்தம் நிற்கத் தாமதமானாலும் பகலிலேயே திரும்பப் போகலாம்.