தேக்கில் கடைந்த பேஸ்பால் மட்டை கைப்பிடியில் பிளக்கிறது, வேறு எந்த மரம் வாங்கலாம்?

காட்பாடி கோச்:
வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லித் தருகிறேன். வெளிநாட்டு மேப்பிள் மட்டை வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே ஒரு கடைசல் பட்டறையில் தேக்கில் செய்து வாங்கினோம். வேகப் பந்து பட்டால் கைப்பிடிக்குச் சற்று மேலே சாய்வாகப் பிளந்துவிடுகிறது. கிரிக்கெட் மட்டைக்கான காஷ்மீர் வில்லோ சரிப்படுமா?

ஆற்காடு மரக்கடை:
வில்லோ வேண்டாம் சார். கிரிக்கெட் மட்டையிலேயே கைப்பிடி பிரம்புதான். பேஸ்பால் மட்டையை ஒரே கட்டையில் கடைய வேண்டும், இளைத்த கழுத்தில் வில்லோ நிற்காது. தேக்கு கதவு ஜன்னலுக்கு அருமையான மரம், ஆனால் அடி தாங்காது. கோடாலிக்கு யாராவது தேக்கில் பிடி போடுகிறார்களா? பிடிக்கு ஆகிற மரமாகத் தேடுங்கள். சடச்சி கிடைத்தால் விடாதீர்கள், நன்றாக வளைந்து கொடுக்கும். இல்லையென்றால் மல்பெரி, ஹாக்கி மட்டை செய்கிற மரம். பட்டுப்பூச்சிக்கு வெட்டி வெட்டி வளர்க்கிற செடியில் கட்டை தேறாது, முதிர்ந்த மரமாக வேண்டும். கருவேலம் உறுதிதான், பிள்ளைகளுக்குக் கனம்.

சத்துவாச்சாரி தச்சர்:
மரத்தின் பெயரைவிட ரேகை, அதாவது நார் ஓடுகிற கோடு, முக்கியம். சாய்வாகப் பிளக்கிறது என்றால் ரேகை மட்டையின் நீளத்தோடு ஓடாமல் குறுக்கே வெளியேறியிருக்கும். அமெரிக்காவிலும் இதே பாடுதான். அங்கே வெகுகாலம் ஆஷ் மரம். 2001 சீசனில் பாரி பாண்ட்ஸ் என்ற ஆட்டக்காரர் மேப்பிள் மட்டையால் 73 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்ததும் நிறையப் பேர் மேப்பிளுக்கு மாறினார்கள். உடைந்த துண்டுகள் ஆட்கள் மேல் பறந்தன. 2008-ல் ஆராய்ந்தபோது ரேகைச் சாய்வுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது.

நீங்களும் சோதிக்கலாம். பாலிஷ் போடும் முன், கைப்பிடியில் ரேகை அகலமாகத் தெரிகிற பக்கத்தில் ஒரு சொட்டு பேனா மை வையுங்கள். மை நார் போகிற வழியிலேயே ஓடும். நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்கு மேல் விலகினால் அந்தக் கட்டையைக் கழித்துவிடுங்கள். 20 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. விலகல்தான் அது, ஸ்கேல் வைத்தாலே தெரியும். கைப்பிடிப் பகுதியில் கணு இருக்கவே கூடாது.

காட்பாடி கோச்:
ரொம்ப நன்றி அண்ணா. பச்சைக் கட்டையாகக் கிடைத்தால் வாங்கலாமா?

சத்துவாச்சாரி தச்சர்:
வாங்கலாம், ஆனால் நம்ம ஊர் வெயிலில் காயப் போட்டால் வெடித்துவிடும். இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசி நிழலில் அடுக்குங்கள். ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு இறங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அலுமினிய மட்டையில் ஆடட்டும். பிளந்த தேக்கு மட்டையை மட்டும் பசை போட்டு ஒட்டிக் கொடுத்துவிடாதீர்கள் சார். துண்டு பறந்தால் எதிரே பந்து வீசுகிற பிள்ளைக்கு விலக நேரம் இருக்காது.